சவ்வு அசைகிறதா?

மழைக்கு இருட்டிக்கொண்டு வந்த அந்த மாலையில், ஆய்வுக்கூடத்து அலமாரியிலிருந்து சீட்டி அடிப்பதுபோல மெல்லிய சத்தம் ஒன்று வந்தது. இரண்டு சின்ன இழுப்பு, பிறகு நீளமாக ஒன்று. ஜன்னல் இடுக்கில் காற்று நுழைகிறது போலிருக்கிறது என்று பல் டாக்டர் எழுந்து போய்ப் பார்த்தாள். ஜன்னல் நன்றாகத்தான் சாத்தியிருந்தது.

சத்தம் அவளுக்குப் பழக்கமானது. மூக்கால் சீட்டியடித்தபடியே தீவனம் தின்னும் பெண் செம்மறி ஆடு ஒன்று இங்கே இருந்தது. ஆடுகளைப் பார்த்துக்கொள்பவர் அதற்குச் சீட்டிக்காரி என்றே பெயர் வைத்திருந்தார். அது செத்து இரண்டு மாதமாகிறது.

மேல்தாடை எலும்பு கரைந்துபோனவர்களுக்கு இம்ப்ளாண்ட் பல் நிற்காது. கன்னத்துக்குள் இருக்கும் சைனஸ் என்ற காற்றறையின் அடியில் எலும்புத்தூளை நிரப்பினால், புது எலும்பு வளர்ந்து பல்லைத் தாங்கும். எந்தத் தூள் நன்றாக வளர்கிறது என்று ஆடுகளில் செய்து பார்ப்பதுதான் அவள் ஆராய்ச்சி. கன்ன எலும்பில் விரல்நுனி அளவுக்கு ஜன்னல் வெட்டினால், உள்ளே முட்டைத்தோல்போல ஒரு சவ்வு தெரியும். தூளை வைக்குமுன் எல்லோரும் கையை எடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். ஆடு மூச்சுவிடுகையில் சவ்வு ஏறி இறங்கினால், அது கிழியவில்லை என்று அர்த்தம். "அசையுதா?" என்று ஒருவர் கேட்பார். "அசையுது" என்று மற்றவர் சொன்ன பிறகுதான் மேற்கொண்டு வேலை.

சீட்டிக்காரியின் தாடைத்துண்டு இப்போது அதே அலமாரியில், ஃபார்மலின் ஜாடியில் இருந்தது. சோதனைக்காக மறுபடி திறந்த எலும்பு ஜன்னல், ஜாடியின் கண்ணாடிப் பக்கமாகத் திரும்பியிருந்தது. அவள் ஜாடியை எடுத்து விளக்கடியில் வைத்தாள். மருந்து நெடி கண்ணைக் கரித்தது. உள்ளே சவ்வு ஏறியது. இறங்கியது.

"என்ன டாக்டரம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" வாசலில் ஆட்டுக்காரர், வீட்டுக்குக் கிளம்பத் தயாராக.

"இந்த ஜாடியில ஏதாவது சத்தம் கேக்குதா?"

அவர் காதைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "எனக்கு வீட்டுல சம்சாரம் கத்துறதே கேக்காது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். கிளம்புங்க, மழை பிடிச்சுக்கும்."

அவர் போய்விட்டார். மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். அவள் மடியில் கனம் இருந்தது.

போன வாரம் கீழ்த்தளத்து மருத்துவமனையில் தன் கணவருக்கு அவளே இந்த அறுவை சிகிச்சையைச் செய்தாள். வாய் மரத்து, ஜன்னலும் வெட்டியாகிவிட்டது. அப்புறம்தான், வாங்கி வைத்திருந்த தூள் காலாவதியானது என்று தெரிந்தது. மேலே ஃப்ரிட்ஜில் அவளே அரைத்து, கிருமி நீக்கி வைத்த தூள் இருந்தது. சீட்டிக்காரியின் கால் எலும்பு. ஆடுகளுக்கு மட்டும் என்று ஒதுக்கியது. நம் கையால் செய்ததுதானே, இதைவிடச் சுத்தம் எங்கே கிடைக்கும் என்று நினைத்தாள். இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, அவரிடம்கூட.

"மூக்குக்குள்ள யாரோ குடிவந்த மாதிரி இருக்குடி. வாடகை கேட்டுச் சொல்லு" என்று காலையில் அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

இப்போது போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

வீட்டுக் கதவைத் திறந்ததும் நனைந்த கம்பளி நாற்றமும் வைக்கோல் வாசனையும் முகத்தில் அடித்தன. கூடத்தில் விளக்கு போடவில்லை. சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த டிவியின் நீல வெளிச்சத்தில், அவர் சோபாவில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். எழுப்பி உட்கார வைத்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, நாளைக்கே அந்தத் தூளைச் சுரண்டி எடுத்துவிடலாம் என்று வழி நெடுக மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தாள்.

"ஏங்க."

இரண்டு சின்ன இழுப்பு. நீளமாக ஒன்று.

"ஏங்க, எழுந்திருங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

தோளைத் தொட்டாள். சட்டைக்குள் உடம்பு சில்லிட்டிருந்தது. நெஞ்சில் கைவைத்தாள். அசைவில்லை. மூக்கடியில் விரலை நீட்டினாள். காற்றில்லை. மணிக்கட்டைப் பிடித்தாள். ஒன்றுமில்லை.

சீட்டி மட்டும் நிற்கவில்லை.

அவர் கன்னத்தைப் பார்த்தாள். தையல் போட்ட பக்கம். தோல் ஏறியது. இறங்கியது. ஏறியது.

பழக்க தோஷம், கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள்.

மூடிய உதடுகளுக்குப் பின்னால் கீழ்த்தாடை ஒரு பக்கமாக நகர்ந்தது. அரைத்தபடி மறுபக்கம் வந்தது. பிறகு நிதானமாக, அவசரமே இல்லாமல், அசைபோடத் தொடங்கியது.