இடக்கண்ணை மூடு!

"கடியாதை! உந்த வடையைக் கடியாதை!"

மைதானத்தைக் குறுக்கறுத்துத் தாரிகா ஓடி வந்தாள். ஒரு காலில்தான் சப்பாத்து இருந்தது. மற்றது வழியில் எங்கோ கழன்று கிடந்தது.

வேப்பமரத்தடியில் பிரசாந்தி வாயைத் திறந்தபடி அப்படியே நின்றாள். கையில் உளுந்து வடை. வாய்க்கும் வடைக்கும் இடையில் இரண்டு விரல் தூரம்.

"ஏனடி? பல்லி கில்லி விழுந்திட்டுதோ?"

"இல்லை. எனக்கு உதின்ரை ஓட்டை வேணும்."

"ஓட்டையோ?"

"ஓம். ஓட்டை மட்டும். வடையை நீயே தின்."

பிரசாந்தி தோழியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

மணி அடிக்க இன்னும் பத்தே நிமிடம். அதற்குப் பிறகு இந்த இருவரில் ஒருத்திக்குத்தான் இடம்.

பள்ளிக்கூடத்தின் வில்வித்தை அணிக்கு நாலு பேர் வேண்டும். மூன்று பேர் தெரிவாகிவிட்டார்கள். நாலாவது இடத்துக்குத் தாரிகாவும் பிரசாந்தியும் மிஞ்சியிருந்தார்கள். இடைவேளை முடிந்ததும் ஆளுக்கு மூன்று அம்பு. கூடின புள்ளி எடுப்பவள் சனிக்கிழமை வட்டுக்கோட்டைப் போட்டியில் வில் பிடிப்பாள்.

காலைப் பயிற்சியில் இருவருமே சொதப்பியிருந்தார்கள். பிரசாந்தியின் அம்புகள் எல்லாம் நடுவுக்கு இடப்பக்கமாகக் கூட்டம் கூடி நின்றன. தாரிகாவின் அம்புகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசை.

"தாரிகா, ரெண்டு கண்ணையும் திற பிள்ளை!" பயிற்சியாளர் ஜெயசுதன் சேர் நூறாவது தடவையாகக் கத்தினார். "ஒரு கண்ணை இறுக்கி மூட முகமெல்லாம் சுருங்குது. கையும் சேர்ந்து ஆடுது!"

"ஓம் சேர்" என்பாள். வில்லைத் தூக்குவாள். இடக்கண் தானாக மூடிக்கொள்ளும்.

அது கஜானன் அண்ணையின் சட்டம்.

அண்ணை கனடாவுக்குப் போய் இரண்டு வருடம். அதற்கு முன் பின்னேரங்களில் வீட்டுக்கு முன்னால் போகும் ஒழுங்கை முழுவதும் அண்ணன் தங்கை இருவரின் ராச்சியம்தான். பூவரசந்தடியை வளைத்து வில். தென்னை ஈர்க்கில் அம்பு, நுனியில் ஒரு தார் உருண்டை. மதிலின் மேல் குறிக்கு ஒரு வெறும் பால்மா ரின், தகர டப்பா. கரையில் காயும் கருவாட்டின் மணம் காற்றில் வரும். தாரிகா மதிலுக்கு நேரே நிற்பாள். அண்ணை அவளுக்கு இடப்பக்கம், பூவரசடியில் நிற்பார்.

"இடக்கண்ணை மூடு. வடிவா மூடு. மூடினால்தான் விழும்!"

மூடுவாள். அம்பை விடுவாள். டங்! ரின் விழும். அந்தச் சட்டம் வந்த பிறகு ஒருநாள்கூடத் தவறியதில்லை. அவர்களின் தகப்பன், ஐயா, கிழிந்த வலை பொத்துவதை நிறுத்திவிட்டுக் கைதட்டுவார்.

அண்ணை புறப்பட்ட அன்றும் ஒரு ரின் விழுந்தது. அண்ணையை ஏற்றிய வான் ஒழுங்கை முனையில் திரும்பும்போது விட்ட அம்பு. டங்! யன்னலால் ஒரு கை அசைந்தது. அந்தச் சத்தம் இன்னும் அவள் காதில் இருக்கிறது.

இடக்கண்ணைத் திறந்தால் அந்த ஒழுங்கையே இல்லாமல் போய்விடுமோ என்று தாரிகாவுக்குப் பயம். இதைச் சேரிடம் எப்படிச் சொல்வது?

சரி, வடைக்கு வருவோம்.

இடைவேளையில் தன் வடையைக் கடிக்கப் போன தாரிகா, கையை நீட்டி, அதன் ஓட்டைக்குள்ளால், தூரத்தில் கப்பல்களுக்கு விளக்குக் காட்டும் வெளிச்சவீட்டைச் சும்மா பார்த்தாள். இடக்கண்ணை மூடினாள். வெளிச்சவீடு அங்கேயே நின்றது. அதைத் திறந்து வலக்கண்ணை மூடினாள். வெளிச்சவீட்டைக் காணவில்லை! ஓட்டைக்குள் வெறும் வானம்.

அப்படியென்றால் இரண்டு கண்ணும் திறந்திருந்தாலும் குறி பார்ப்பது வலக்கண்தான். இடக்கண் துணைக்கு நிற்கிறது, அவ்வளவுதான். பாவம், அதை ஏன் மூட வேண்டும்?

யோசித்துக்கொண்டே வடையைத் தின்று முடித்தாள். அப்போதுதான் இன்னொன்று பொறி தட்டியது. பிரசாந்தியின் அம்புகள்! எல்லாமே இடப்பக்கம்!

சொன்னால் பிரசாந்தி வென்றாலும் வென்றுவிடுவாள். சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

தாரிகா கையில் இருந்த எண்ணெயைப் பாவாடையில் துடைத்தாள். பிறகு ஓடத் தொடங்கினாள்.

"வடையைப் பிடிச்சுக் கையை நீட்டு. ரெண்டு கண்ணையும் திறந்து ஓட்டைக்குள்ளாலை வெளிச்சவீட்டைப் பார். தெரியுதோ?"

"தெரியுது. எண்ணெயும் வடியுது."

"இப்ப இடக்கண்ணை மூடு."

"ஐயோ! ஆரோ வெளிச்சவீட்டைத் தூக்கிக்கொண்டு போட்டாங்கள்!"

"நான் நினைச்சது சரி! உனக்கு இடக்கண்தான் பெரியாள். வலக்கையாலை நாணை இழுக்கிறாய், இடக்கண்ணாலை பாக்கிறாய். அதுதான் அம்பு இடப்பக்கம் ஓடுது. அந்தக் கண்ணை மூடிப்போட்டு விட்டுப் பார்."

பிரசாந்தி வடையைக் கடிக்க மறந்துபோனாள். "இதை ஏனடி எனக்குச் சொல்லுறாய்? நான் வெண்டிடுவனே!"

"வெண்டு காட்டு பாப்பம்."

மணி அடித்தது.

முதலில் பிரசாந்தி. வில்லைத் தூக்கி இடக்கண்ணை மூடினாள்.

சேர் தலையில் கை வைத்தார். "நீயுமோ? கண்ணைத் திற பிள்ளை!"

"எனக்கு மூடத்தான் வேணும் சேர். வடை சொன்னது."

சேர் கிட்ட வருவதற்குள் அம்பு நடு மஞ்சளில் குத்தியது. ஒன்பது. அடுத்தது எட்டு. பிறகு மறுபடியும் ஒன்பது. மொத்தம் இருபத்தாறு!

இப்போது தாரிகா. நாணை இழுத்தாள். பழகிய இடக்கண் பட்டென்று மூடிக்கொண்டது. கை ஆடியது. ஏழு.

இரண்டாவது அம்பு. மூச்சை இழுத்தாள். மெல்ல, மெல்லத் திறந்தாள். இடப்பக்கம் முழுவதும் கண்ணுக்குள் வந்தது. வேப்பமரம் வந்தது. அதன் கீழ் நகம் கடிக்கும் பிரசாந்தி வந்தாள். மதிலுக்கு அப்பால் ஒரு துண்டுக் கடலும் வந்தது. கை ஆடவில்லை. ஒன்பது.

மூன்றாவதும் ஒன்பது.

இருபத்தைந்து. ஒரே ஒரு புள்ளியால் போய்விட்டது. அதற்குள் பிரசாந்தி வடைக் கதை முழுவதையும் சேரிடம் கொட்டிவிட்டாள்.

"மேலதிக ஆளா நீயும் சனிக்கிழமை பஸ்ஸிலை ஏறு" என்றார் சேர். "வரேக்கை ரெண்டு வடையும் கொண்டு வா. மற்றப் பிள்ளையளின்ரை கண்ணையும் பாக்க வேணும்."

பிரசாந்தி ஓடி வந்து கட்டிப்பிடித்தாள். "வடையிலை பாதி உனக்கு வச்சிருக்கிறன். ஓட்டையிலையும் பாதி."

அன்று பின்னேரம் அண்ணை போன் திரையில் வந்தார். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது.

"அண்ணை, உங்கடை சட்டம் பிழை. இடக்கண்ணை மூடினால் எனக்குச் சரிவரேல்லை. அப்ப ஒழுங்கையிலை மட்டும் என்னெண்டு எல்லா ரின்னும் விழுந்தது?"

அண்ணை காதைச் சொறிந்தார். "கோவிக்க மாட்டியே?"

"சொல்லுங்கோ."

"ரின்னிலை தங்கூசி கட்டியிருந்தது."

தங்கூசி! தூண்டிலில் கட்டும் கண்ணாடி போன்ற நூல். நாலடி தள்ளி நின்றால் கண்ணுக்கே தெரியாது.

"முதல் நாள் ஒண்டும் விழேல்லை எண்டு நீ வில்லை எறிஞ்சுபோட்டு அழுதனி. அதுக்குப் பிறகு நீ அம்பை விடேக்கை நான் தங்கூசியை இழுக்கிறது. நான் உனக்கு இடப்பக்கம்தானே நிண்டனான்? இழுக்கிறதை நீ காணக்கூடாது எண்டுதான் அந்தக் கண்ணை மூடச் சொன்னது."

"ஐயாவுக்குத் தெரியுமோ?"

"தங்கூசி தந்ததே ஐயாதான்."

முற்றத்தில் ஐயா திடீரென்று வலைக்குள் தலையை விட்டு எதையோ தேடத் தொடங்கினார்.

தாரிகா போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தாள். "அப்ப நான் ஒண்டுகூட விழுத்தேல்லையோ?"

"ஒண்டு விழுத்தினனி. நான் போன அண்டைக்கு. நான் வானுக்குள்ளை. ஐயாவும் எனக்குப் பக்கத்திலை. தங்கூசியை இழுக்க அங்கை ஆர் நிண்டது? அது எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை. என்னெண்டடி விழுத்தினாய்?"

தாரிகா மதிலைப் பார்த்தாள். அன்று நடந்ததை அவள் இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

"அண்டைக்கு நான் கண்ணை மூடேல்லை அண்ணை. மூடினால் கண்ணீர் விழுந்திடும் எண்டு, ரெண்டையும் திறந்து வச்சிருந்தனான்."