உருகி உறைந்த மீன்சாறு

அந்தப் பழைய ஃப்ரிட்ஜின் உறைபெட்டியைத் திறந்ததும் அவள் கண்ணில் முதலில் பட்டது நாணயம்தான். வேலை விஷயமாக வெளியூர் கிளம்பும்போது ஒரு கிண்ணம் தண்ணீரை உறையவிட்டு, ஐஸின் மேல் அதை வைத்துவிட்டுப் போயிருந்தாள். மேலேயே இருந்தால் பெட்டி குளிர்ந்தபடி இருந்திருக்கிறது என்று அர்த்தம். இப்போது அது கிண்ணத்தின் அடியில், கெட்டி ஐஸுக்குள் கிடந்தது.

"என்னங்க, கரண்ட் போச்சா?"

"போகலையே!" அவள் தங்கையின் அறையிலிருந்து கணவரின் குரல் வந்தது. "வந்துட்டியா? கைகால் கழுவிட்டு வா. இவளுக்குச் சாறு குடுத்துட்டிருக்கேன்."

விபத்தில் தாடை உடைந்த தங்கைக்கு மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பியால் கட்டியிருந்தார்கள். பேச முடியாது, துப்ப முடியாது. பல்லிடுக்கில் எதை ஊற்றினாலும் விழுங்கியாக வேண்டும். வாந்தி வந்தால் மூச்சடைத்துவிடும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அதனால்தான் மீன்தலையும் முள்ளும் போட்டுக் காய்ச்சி, வடிகட்டி, சட்டென்று ஆறவைத்து, டப்பா டப்பாவாக உறையவைத்துவிட்டுப் போனாள்.

அடுப்பு மேடையில் பாதி காலியான டப்பா ஒன்று இருந்தது. மூடியைத் தூக்கியதும், புளிப்பும் அழுகலும் ஈரத்துணியின் முடைநாற்றமும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறித் தொண்டைக்குள் இறங்கி அங்கேயே தங்கிவிட்டது. கலங்கிய சாற்றின் ஓரமெல்லாம் நுரை பொரிந்துகொண்டிருக்க, கரண்டியை விட்டு எடுத்தால் எச்சில் மாதிரி நீளமாக நூல் இழுத்தது.

"ஃப்ரிட்ஜை அணைச்சீங்களா?"

"சாயங்காலம் அணைச்சுட்டுக் காலையில போடறேன். ராத்திரி அதை யாரு திறக்கப் போறா? மத்தியானத்துக்குள்ள மறுபடி கல்லாயிடுது. நீதான் இத்தனை வருஷமா தண்டமா ஓடவிட்டிருக்க."

விருந்தாளி எழுந்திருக்கும் முன்பே மின்விசிறியை அணைக்கிற மகராசன். அவரை நம்பி விட்டுப் போனோமே என்று அவளுக்கு அழுகை முட்டியது.

"கெட்டுப்போச்சுங்க! நாறுது!"

"மீன்னா நாறத்தான் செய்யும். கொதிக்கவெச்சுத்தானே குடுக்கறேன்? முதல்ல இவளும் கண்ணை உருட்டினா. கையைத் தட்டிவிட்டா. அப்புறம் கட்டில்ல சேர்த்துக் கட்டிட்டேன். இவ நல்லதுக்குத்தானே?"

டப்பா கைநழுவிக் காலில் கொட்டியது.

"நிறுத்துங்க! குடுக்காதீங்க!"

பட்டப்பகலிலும் கூடம் இருட்டிக் கிடந்தது. சாற்றில் கால் வழுக்கியது. சுவரைப் பிடித்தாள். கதவிடுக்கில் கொஞ்சம் வெளிச்சம். கம்பியில் ஸ்பூன் உரசும் சத்தம். டிக். டிக். விழுங்கும் சத்தம் கேட்கவில்லை.

கதவைத் தள்ளினாள்.

தங்கை தலையணையில் சாய்ந்திருந்தாள். இரண்டு மணிக்கட்டும் துண்டால் கட்டிலோடு கட்டப்பட்டிருந்தன. உதடு நீலம் பாய்ந்திருந்தது. வாசலைப் பார்த்த கண்கள் இமைக்கவில்லை. கம்பிக்குப் பின்னால் வாய் நிறையக் கலங்கிய சாறு; மூக்கு வழியாகவும் வழிந்து கழுத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

அவர் பொறுமையாக அதைத் துடைத்துவிட்டார்.

"பாத்தியா? இன்னைக்குத்தான் அடம் பிடிக்காம இருக்கா."

அடுத்த ஸ்பூனை வாயருகே வைத்து, சுடாமலிருக்க ஊதினார்.