ஓடாத மலை

இன்னும் ஐந்து நிமிடம் தாங்குமா? இல்லை, மூன்றா?

முப்பிடாதியின் வயிறு புரண்டது. பஸ் தென்காசியைத் தாண்டி இரண்டு மைல் கூட வரவில்லை. புளியங்குடி இன்னும் எவ்வளவோ தூரம்!

கையில் அம்மா கொடுத்த எலுமிச்சம்பழம். மோந்து மோந்து மூக்குதான் எரிந்தது.

“ஏட்டி, வருதா?” என்றாள் முருகம்மாள். கோலாட்டத்தில் இவளுடைய ஜோடி.

“வரல.”

“மூஞ்சி வெள்ளரிக்கா மாதிரி பச்சையா இருக்கே!”

“பேசாம இரு. பேசுனா வந்துரும்.”

போன வருஷம் கோலாட்டப் போட்டிக்குப் போனபோதும் இப்படித்தான். வாந்தி எடுத்து, தலை சுற்றி, மேடைக்குப் பின்னால் படுத்துவிட்டாள். எட்டுப் பேர் ஆட்டம். ஒருத்தி விழுந்ததால் இலஞ்சிப் பள்ளி ஆடாமலே திரும்பியது. இன்றும் அப்படியா?

கடைசி சீட் தூக்கித் தூக்கிப் போட்டது. ஜன்னலில் புளியமரம், சுவர், மாட்டுவண்டி எல்லாம் பின்னால் பறந்தன.

டக்! முருகம்மாள் பதற்றத்தில் கோலாட்டக் கம்பைத் தட்டினாள்.

முப்பிடாதி நிமிர்ந்தாள். இந்த வருஷம் சுழன்று சுழன்று ஆடும் புது ஆட்டம். பயிற்சியின் முதல் நாள் இரண்டே சுற்றில் தொப்பென்று விழுந்தவள் அவள். “தரையைப் பார்க்காத. ஜோடியோட கம்பு நுனியிலேயே கண்ணை வை” என்றார் சுகிர்தம் டீச்சர். பத்து நாள் பழகினாள். நேற்று நாற்பது சுற்று! தலை சுற்றவே இல்லை.

கம்பு நுனி. கண்ணுக்கு ஒரு பிடி. இங்கே எதைப் பிடிப்பது? மரம் ஓடுகிறது. சுவர் ஓடுகிறது. அதற்கும் மேலே...

மலை! அது ஓடவில்லை.

கண்ணை அங்கே வைத்தாள். வயிறு கொஞ்சம் அடங்கியது. உடனே ஒரு பள்ளம். பஸ் தூக்கி எறிந்தது. மலை போயிற்று!

அவள் தட்டுத்தடுமாறி முன்னே ஓடினாள்.

“அண்ணாச்சி, நான் முன்னால உக்காருதேன்.”

கண்டக்டர் நாறும்பூநாதன் அலறினார். “எதுக்கு? டிரைவர் சட்டையில கக்கவா? வாந்தி வருதவங்களுக்குக் கடைசி சீட்டு. எப்பவும் அதான் வழக்கம்.”

“அங்கனதான் ரொம்பக் குலுக்குது. வாந்தி வந்தா நானே பஸ்ஸைக் கழுவுதேன்.”

டிரைவர் சிரித்தார். “ஏலே, பிள்ளைய விடு. சட்டை என்னோடதுதான!”

முன் சீட். எதிரே நீண்ட சாலை, இடப்பக்கம் நீல மலை. ஒரு தரம் பக்கத்து மரத்தைப் பார்த்தாள். வாந்தி எட்டிப் பார்த்தது. சட்டென்று மலைக்குத் திரும்பினாள். அடங்கியது.

கடையநல்லூர் போயிற்று. பின்னால் ஒரு சின்னப் பையன் ஓங்கரிக்கும் சத்தம்.

முப்பிடாதி நகர்ந்து இடம் விட்டாள். “தம்பி, இங்கன வா! அந்த மலை எங்கயாவது ஓடுதான்னு பார்த்துச் சொல்லு.”

பையன் உற்றுப் பார்த்தான். “ஓடலக்கா.”

“ஓடும். கண்ணை எடுக்காத.”

புளியங்குடி வரை அவன் கண்ணை எடுக்கவில்லை. அவளும்தான்.

இறங்கும்போது முருகம்மாள் அவள் கையைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். “ஊருக்கே எலுமிச்சம்பழம் அனுப்புத புளியங்குடிக்கு, எலுமிச்சம்பழம் கொண்டுவந்த மொத ஆளு நீதாம்ட்டி!”

அன்று மேடையில் பதினாறு கம்புகளும் ஒரே சத்தமாகத் தட்டின.

சாயங்காலம் அதே பஸ். கண்டக்டர் படியில் நின்று கூவினார்:

“வாந்தி வருதவங்கல்லாம் முன்னால வாங்க!”