மொட்டை மாடியில் ஒரு கொப்புளம்

காலை 6.40.

பெருமாநல்லூர். வீட்டின் பின்புறம் மாடிப்படிக்கு அடியில் ரங்காத்தாள் மல்லாந்து கிடந்தார். அறுபது வயதைத் தாண்டியவர். பின்மண்டையில் ரத்தம் உறைந்திருந்தது. வலது மணிக்கட்டில் யாரோ முறுக்கிப் பிடித்த தடம். எந்நேரமும் இடுப்பில் செருகியிருக்கும் கைபேசியைக் காணவில்லை.

முதலில் பார்த்தவன் சென்னிமலை. ஒழுகும் மொட்டை மாடிக்கு வாட்டர்ப்ரூஃப் மெம்ப்ரேன் என்ற ஒழுகல் தடுப்புப் பூச்சு பூச வந்தவன். போலீஸ் வருவதற்குள் சொந்தக்காரர்கள் அவனைத் தூணோடு கட்டியிருந்தார்கள்.

"நேத்து அம்மா இவனை நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி கேட்டாங்க. அந்த ஆங்காரந்தானுங்க," என்றான் ராஜவேல். ரங்காத்தாளின் ஒரே மகன். இரண்டு தெரு தள்ளி இருக்கும் சாயப்பட்டறைக்கு அவனே முதலாளி, அவனே சாயம் கலக்கும் டையிங் மாஸ்டர்.

"நீங்க எங்க இருந்தீங்க?" என்று கேட்டாள் இன்ஸ்பெக்டர் நூர்ஜான்.

"தூங்கிட்டிருந்தனுங்க. அந்தப் பூச்சு மருந்து வாசம் எனக்கு ஆவாது. வேலை ஆரம்பிச்சதுல இருந்து மாடிப் பக்கமே போவலீங்க."

நூர்ஜான் சமையலறைக் குழாயில் கை கழுவினாள். வெள்ளைத் தொட்டியில் விழுந்த தண்ணீரில் லேசாக ரோஜா நிறம்.

"செம்மண் பூமிங்க. போர்வெல் தண்ணி அப்படித்தான் வரும்," என்றான் ராஜவேல், அவள் கேட்காமலே.

வாசல் கேமராவைப் பார்த்தாயிற்று. விடியலில் உள்ளே வந்தவன் சென்னிமலை ஒருவன்தான். வெளியே யாரும் போகவில்லை. அப்படியானால் கைபேசி வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும். அரிசி டிரம், தண்ணீர்த் தொட்டி, தூக்கி எறிந்திருக்கலாம் என்று மதிலுக்கு அந்தப் பக்கத்துச் சோளக்காடு, எல்லாம் புரட்டியாயிற்று. கிடைக்கவில்லை.

"ஆறு பத்துக்கு வந்தே. அரை மணி நேரம் என்ன பண்ணினே?"

"போர்ட்டிகோவுல மருந்து கலக்கிட்டிருந்தனுங்க மேடம். நேத்து மொத கோட்டு பூசி, மிச்ச வாளிய மாடியிலயே வெச்சிருந்தேன்." சென்னிமலையின் உதடு வெடித்திருந்தது. "ரெண்டாவது கோட்டுக்கு மேல போலாம்னு பின்னால வந்தா... அம்மா கெடந்தாங்க."

"திட்டினாங்களாமே?"

"ஒழுகினா திட்டத்தானுங்க செய்வாங்க. போன தடவை மழை ஈரத்தோட பூசிட்டேன். ஈரம் உள்ள நின்னா வெயிலுக்குக் கொப்புளிச்சுக்குமுங்க. இந்தத் தடவை காய வெச்சு, துடைச்சு, வெடிக்காம இருக்க வலை வெச்சுப் பூசினேன். எட்டு மாசக் கொழந்தைங்க மேடம், என்னைய உள்ள போட்டுராதீங்க."

ஏட்டு அப்புசாமி இளித்தார். "எல்லாவனும் கொழந்தையத்தான் முன்னால தூக்கிட்டு வர்றான்."

நூர்ஜான் சிரிக்கவில்லை. சாயங்காலத்துக்குள் இவனை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தச் சொல்லி மேலிடத்திலிருந்து இரண்டு முறை அழைப்பு வந்துவிட்டது.

மதியம் ஒன்று. அவள் மறுபடி மாடி ஏறினாள். சித்திரை வெயில். வெள்ளை மெம்ப்ரேன் கண்ணைப் பறித்தது. காலையில் கண்ணாடி போலிருந்த தளத்தில், கைப்பிடிச் சுவர் மூலையில் மட்டும் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு கொப்புளம் உப்பியிருந்தது. மற்ற இடமெல்லாம் வழவழவென்றே இருந்தது.

கையுறையை மாட்டிக்கொண்டு பிளேடால் கீறினாள். உள்ளே சென்னிமலை சொன்ன வலை இல்லை. நாலாக மடித்த பனியன் துணி, இன்னும் ஈரமாக. அதற்கடியில், மூலைப் பள்ளத்தில், பாலித்தீன் கவரில் சுற்றிய கைபேசி.

அவளைப் பெற்ற அத்தா இருபது வருடம் சாயத்தொட்டியில் நின்றவர். அவர் கைகள் அவளுக்கு ஞாபகம் வந்தன.

கூடத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள், கை கட்டப்பட்ட சென்னிமலையும். பிரேதப் பரிசோதனை முடிந்து வந்த உடலோடு ஐஸ்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது.

"ராஜவேல், துணியைச் சாயத்துல விடறதுக்கு முந்தி என்ன பண்ணுவீங்க?"

"நனைப்போமுங்க." பதில் யோசிக்காமல் வந்தது. "காஞ்ச துணியைப் போட்டா திட்டுத்திட்டாப் புடிக்கும். யாரும் அப்படிப் போட மாட்டாங்க."

நூர்ஜான் கையை விரித்தாள். ஈரத் துணி.

"சென்னிமலையும் போட மாட்டான், நனைச்ச துணியை. இவனுக்கு ஈரந்தான் எமன். ஒரு தடவை பட்டுட்டான். மாடியில இவன் மிச்சம் வெச்ச வாளி இருந்துச்சு. வலை இல்லை. நீங்க பனியன் துணியை எடுத்தீங்க. பூசறதுக்கு முன்னாடி உங்க கை தானாத் துணியை நனைச்சுருச்சு. வெளிய கொண்டு போனா உங்க கேமராவே உங்களைக் காட்டும். ரெண்டாவது கோட்டை இவனே மேல பூசிட்டா ஜென்மத்துக்கும் வெளிய தெரியாது. ஆனா அது வரைக்கும் வெயில் பொறுக்கலை."

"யாரோ வெச்சதுக்கு நானா..."

அவள் கைபேசியை உயிர்ப்பித்தாள். பூட்டு போடாத போன். ஒரு துளி ஈரம் ஏறவில்லை. கடைசி வீடியோ: சாயப்பட்டறைக்குப் பின்னால், வற்றிப் பாழான போர்வெல் குழிக்குள் குழாயிலிருந்து கருஞ்சிவப்பாகக் கழிவு இறங்கிக்கொண்டிருந்தது. பின்னணியில் ரங்காத்தாளின் குரல்.

"கண்ணு, நிறுத்தீரு. இல்லீனா இதை நானே பொல்யூஷன் ஆபீசுல கொண்டு போய்க் காட்டுவேன். ஊரே இந்தத் தண்ணியத்தான குடிக்குது."

ராஜவேல் சுவரோடு சரிந்தான். "போனைத்தானுங்க புடுங்கினேன். அம்மா விடலை. படியில கால் எடறி... தள்ளோணும்னு தள்ளலீங்க."

"கீழே போய்ப் பார்த்தீங்களா?"

அவன் தலையாட்டினான்.

"உயிர் இருந்துச்சா?"

"...கண்ணு அசைஞ்சுதுங்க."

"அப்புறமும் மேல ஏறிப் பூசினீங்க."

அப்புசாமி சென்னிமலையின் கைக்கட்டை அவிழ்த்தார். அவன் மணிக்கட்டைத் தேய்த்தபடி ஐஸ்பெட்டியைப் பார்த்தான். "மேல கீறினது அப்படியே கெடக்குதுங்க மேடம். மழை வந்தா அம்மா கட்டிலுக்கு நேரா ஒழுகும்," என்றான். சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது, தலையைக் குனிந்துகொண்டான்.

ராஜவேல் தண்ணீர் கேட்டான். கேன் தண்ணீர் துக்கத்துக்கு வந்தவர்களுக்கே தீர்ந்திருந்தது. அப்புசாமி குழாயில் ஒரு டம்ளர் பிடித்து வந்து நீட்டினார்.

ராஜவேல் வாங்கினான். உள்ளே பார்த்தான், அதே ரோஜா நிறம். குடிக்காமல் கீழே வைத்தான்.