ஐந்து விநாடி மௌனம்

செல்போன் அலறியது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி ஏழு நிமிடம். கிழக்குத் தாம்பரம், கனகவல்லி மகால்.

ஆடி மாதம். கல்யாணம் இல்லாத மண்டபம் பாதி வாடகைக்குக் கிடைத்தது. மாடி ஹாலில் 'வேட்டைக்களம்' வீடியோ கேமின் இறுதிப் போட்டி. கீழே மணமகள் அறைதான் கமெண்டரி அறை. சுவரெல்லாம் கல்யாண மெத்தைகளைச் சாத்திச் சத்தத்தை அடைத்திருந்தார்கள்.

உள்ளே ஜெரூஷா. வயது இருபத்தேழு. வாரத்தில் ஆறு நாள் பல்லாவரம் தோல் கம்பெனியில் தோல் பிரிக்கிற வேலை. ஞாயிறு மட்டும் கமெண்டரி.

செல்போன் திரையில் 'ஜோஷ்வா'. அவள் தம்பி. இதே போட்டியில் நடுவருக்கு உதவியாள்.

"என்னடா? ஆட்டம் ஆரம்பிக்க மூணு நிமிஷம்தான் இருக்கு. வைடா போனை!"

மறுமுனையில் அழுகை!

"அக்கா... அவன் சொல்றதைக் கேளுக்கா... இல்லேன்னா என்னைக் கொன்னுடுவான்..."

"யாருடா? எங்கடா இருக்கே? டேய்!"

கட்.

அடுத்த விநாடி ஒரு போட்டோ வந்து விழுந்தது.

நாற்காலியில் ஜோஷ்வா. மார்பைச் சுற்றிக் கயிறு. வாயில் துணி. நெற்றியிலிருந்து மூக்குவரை வழிந்த ரத்தம்!

ஜெரூஷா போட்டோவைப் பெரிதாக்கினாள்; பின்னால் ஏதோ பித்தளை மின்னியது.

கீழே ஒரு செய்தி.

'ஆட்டம் முடியும்வரை பேசு. இடைவேளை கேட்காதே. ஐந்து விநாடி உன் குரல் நின்றால் தம்பி இல்லை. போலீஸுக்குப் போனால் தம்பி இல்லை. நான் கேட்டுக்கொண்டே இருப்பேன்.'

செல்போன் கையிலிருந்து நழுவி மேஜையில் விழுந்தது. தோல் கம்பெனியில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நடுங்காமல் இறங்குகிற கை!

எழுந்து ஓடலாமா? மாடிக்குப் போய்க் கத்தலாமா?

ஐந்து விநாடி...

எதிரே மேஜையில் சிவப்பு விளக்கு எரிந்தது. மைக் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். வழக்கமாக அதற்கு முன்னால் கன்ட்ரோல் ரூமிலிருந்து ஆஸ்டின் ஹெட்போனில் "மூணு... ரெண்டு... ஒண்ணு..." என்று எண்ணுவான். இன்று எண்ணவில்லை.

அவள் வாயைத் திறந்தாள்.

"வணக்கம்! வேட்டைக்களம் இறுதிப் போட்டி! ஒரு பக்கம் பல்லாவரம் பைசன்ஸ்... எதிர்ல மேடவாக்கம் மின்னல்! பக்கத்துக்கு நாலு பேர். கடைசியா உயிரோட நிக்கற டீமுக்குக் கோப்பை!"

உயிரோட... என்ற இடத்தில் குரல் தட்டியது.

போன வாரம்தான் ஆஸ்டின் திட்டியிருந்தான். "உன் குறை என்ன தெரியுமா? முதல் துப்பாக்கிச் சத்தத்துக்கே உச்சஸ்தாயிக்குப் போயிடறே. அப்புறம் வீடே பத்தி எரிஞ்சாலும் அதே கத்தல்தான் வரும். மேல போறதுக்கு இடம் வச்சிக்கணும். யாரு, எங்க, அடுத்து என்ன... இந்த மூணைச் சொல்லு. மீதியெல்லாம் வாந்தி!"

ஒன்றரை வருடமாக முயன்று வராதது இன்று தானாக வந்தது.

கத்தினால் அழுதுவிடுவாள். அதனால் தாழ்ந்த குரலில் பேசினாள்.

"மின்னல் டீமோட அச்சுதன் கிணத்துக்குப் பின்னாடி... கையில நாலே தோட்டா. எழுந்தா அடி விழும். உக்காந்தா புகை சூழும். என்ன பண்ணப் போறாரு?"

உலர்ந்த தொண்டையில் எச்சில் மாட்டியது. புரை ஏறியது!

ஒன்று... இரண்டு... மூன்று...

டிங்!

'மூன்று எண்ணிவிட்டேன். இன்னும் இரண்டு!'

"அச்சுதன் எழுந்துட்டாரு!" என்று அலறினாள். "ஓடறாரு! மதில் ஏறிட்டாரு! தப்பிச்சாரு!"

வியர்வை கண்ணில் இறங்கியது. வாய் பாட்டுக்குப் பேசியது. மனசு அந்த 'டிங்'கிலேயே நின்றது.

எப்படி?

நேரலை என்று பேர்தான். இணையத்தில் போகிற படமும் குரலும் மூன்று நிமிடம் தாமதமாகத்தான் போகும். வெளியில் பார்க்கிறவன், எதிரி எங்கே ஒளிந்திருக்கிறான் என்று ஆடுகிறவனுக்குத் துப்புச் சொல்லிவிடக்கூடாது என்பதற்காக.

வீட்டில் பார்க்கிறவனுக்கு அவள் இருமல் மூன்று நிமிடம் கழித்துத்தான் கேட்கும்.

இவனுக்கு உடனே கேட்டது!

மாடியில் எல்லோர் காதிலும் ஆட்டத்தின் ஹெட்போன். இந்த மைக்கைத் தாமதமில்லாமல் கேட்கிற கருவி உலகத்திலேயே ஒன்றுதான். ஆஸ்டின் காதில் மாட்டியிருக்கும் வயர்லெஸ். அது மண்டபத்து கேட்டைத் தாண்டினால் செத்துப்போகும்.

ஆஸ்டின்!

இந்தக் கட்டடத்துக்குள்ளேயே...

கண் தானாகக் கதவுக்குப் போனது.

கதவு திறந்தது!

ஜெரூஷா நாற்காலியோடு துள்ளினாள்.

டீ டம்ளருடன் லோகநாயகி. மண்டபத்தில் இருபது வருடமாக அண்டா கழுவுகிறவள். ஒரு அண்டாவை ஒற்றையாளாகத் தூக்குவாள்.

ஜெரூஷா பேசிக்கொண்டே நோட்டில் கிறுக்கினாள். 'என் தம்பியைக் கட்டிவைத்திருக்கிறார்கள். பாத்திர அறைச் சாவி எங்கே?' போட்டோவில் நாற்காலிக்குப் பின்னால் பித்தளை அண்டாக்கள் தெரிந்தன. இந்த மண்டபத்தில் அண்டாக்கள் இருக்கிற அறை அது ஒன்றுதான்.

லோகநாயகி நோட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

ஜெரூஷா மைக் பொத்தானை அடித்து அணைத்தாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாதும்மா!"

போச்சு!

இரண்டு விநாடி. பொத்தானைத் தட்டினாள்.

"பைசன்ஸ் வடக்குப் பக்கம் வர்றாங்க! மின்னல் எங்க போனாலும் சொல்லி வச்ச மாதிரி முன்னாடியே நிக்கறாங்க!"

அணைத்தாள்.

"என் தம்பியைக் கட்டிப் போட்டிருக்காங்க. பாத்திர ரூம் சாவி யார்கிட்ட?"

தட்டினாள்.

"இதோ... ரெண்டு பேர் ஒரே ஜன்னலுக்குக் குறி வைக்கறாங்க!"

லோகநாயகிக்குப் புரிந்துவிட்டது. சிவப்பு விளக்கு அணைகிறவரை வாயை இறுக்கிக்கொண்டு நின்றாள்.

அணைந்தது.

"அப்பவே ஒரு தம்பி வாங்கினு போச்சும்மா. வயரு வைக்கணும்னு. காதுல அந்தக் கருப்பு மிஷினு மாட்டிகினு கீதே... அது!"

எரிந்தது.

"விழுந்தாரு! மின்னல்ல ஒருத்தர் காலி!"

அணைந்தது.

"கன்ட்ரோல் ரூம்ல யாரு?"

"ஒர்த்தரும் இல்லம்மா. ஏ.சி. மட்டும் ஓடிகினு கீது."

அதனால்தான் இடைவேளை கூடாது என்றான்! இடைவேளை என்று அவள் சொன்னால் கன்ட்ரோல் ரூமில் ஒருவன் விளம்பரத்தைத் தட்டிவிட வேண்டும். தட்ட ஆளில்லை என்று தெரிந்தால் மாடியிலிருந்து பத்துப் பேர் இறங்கி வருவார்கள்.

ஆனால் எழுந்து போனால் குரல் நிற்கும். குரல் நின்றால்...

குரல்தானே வேண்டும்?

மேஜையில் அவளுடைய பழைய லேப்டாப். தினமும் வேலை விட்டு வந்ததும் ஏதாவது ஓர் ஆட்டத்தைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, அதன்மேல் பேசிப் பதிவு செய்வாள். திரும்பக் கேட்டுக் குறைகளை எழுதுவாள். புதன்கிழமை பதிவு செய்தது இதே பைசன்ஸும் மின்னலும் மோதிய லீக் ஆட்டம். இருபத்திரண்டு நிமிடம்!

"மின்னல் பதுங்கறாங்க... மூச்சு விடற சத்தம்கூட வரக்கூடாது..."

பேசிக்கொண்டே லேப்டாப்பை மைக்கின் வாயருகே நகர்த்தினாள். பதிவை ஓடவிடும் பொத்தானைத் தட்டினாள்.

'...வாங்க, ஆட்டம் சூடு பிடிக்குது! பைசன்ஸ் தெற்குப் பக்கம் இறங்கறாங்க...'

அவள் குரல். அவள் வாய் மூடியிருந்தது.

ஒன்று... இரண்டு... மூன்று... நான்கு... ஐந்து...

செல்போன் சும்மா கிடந்தது!

லோகநாயகியை வெளியே இழுத்துக் கதவைச் சாத்தினாள். "வாங்கக்கா!"

"இரு. வெறுங்கையோட இன்னாத்துக்கு?" லோகநாயகி சமையல்கட்டில் நுழைந்து, ஆளுயர சாம்பார்க் கரண்டியோடு வந்தாள். "போலீஸுக்குப் போன் போடுமே மொதல்ல!"

ஜெரூஷா நடந்துகொண்டே நூறுக்குப் பேசினாள். தன் குரல் தனக்கே கேட்காத அளவுக்கு.

பந்தி ஹால். சுருட்டி வைத்த மேஜைக் காகிதம். இருட்டுத் தாழ்வாரம். கடைசியில் பாத்திர அறை. கதவு ஒருக்களித்திருந்தது.

உள்ளே ஒரு முனகல்.

ஜோஷ்வா!

பல்லைக் கடித்தாள். கதவைத் தள்ளினாள்.

நாற்காலியில் ஒருவன் கட்டுண்டு கிடந்தான். வாயில் துணி. மண்டை பிளந்து ரத்தம்.

அது ஜோஷ்வா இல்லை.

ஆஸ்டின்!

அவன் எதிரே கவிழ்த்த அண்டாவின்மேல் ஒருவன் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். காதில் கருப்பு வயர்லெஸ். மடியில் ஆஸ்டினின் டேப்லெட்; மைக்குக்கு உயிர் கொடுத்ததும் அதுதான். அதில் எட்டு ஆட்டக்காரர்களும் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று எட்டுப் புள்ளிகள். கையில் செல்போன். யாருக்கோ வேக வேகமாகத் துப்பு தட்டிக்கொண்டிருந்தான்.

"ஜோஷ்வா..."

திரும்பினான்.

முகம் வெளிறியது. கையை மெல்லக் காதுக்குக் கொண்டுபோனான். அங்கே அக்கா மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தாள். கண்ணெதிரே அக்கா வாயை மூடி நின்றுகொண்டிருந்தாள்!

"நீ... நீ அங்க பேசிக்கிட்டிருக்கே... எப்படி..."

"நெத்தியில ரத்தம்?"

"அக்கா, நான் சொல்றதைக்..."

"போட்டோல உன் நெத்தியில இருந்த ரத்தம் யாரோடதுடா?"

ஜோஷ்வா ஆஸ்டினைப் பார்த்தான்.

"பைசன்ஸுக்கு நீதான் சொல்லிக்கிட்டிருக்கியா?"

"கண்டுபிடிச்சிட்டான்க்கா. நடுவர்கிட்ட சொல்லிடுவேன்னான். தள்ளினேன்... தாழ்வாரத்துல கழுவி வச்சிருந்த அண்டா விளிம்புல மண்டை பட்டுடுச்சு. வேணும்னு பண்ணலை!"

"என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா நீ விடுவியா? நியாயம் பேசுவே! உயிர்னு சொன்னாத்தான் நீ வாயைத் திறப்பே." கண்ணைத் துடைத்தான். "பைசன்ஸ் ஜெயிச்சா அவங்க டீம்ல எனக்கு மேனேஜர் வேலை. உன்னை மாதிரி தோல் நாத்தத்துல கிடந்து சாகச் சொல்றியா என்னை?"

"அந்த நாத்தத்துலதான்டா நீ படிச்சே!"

ஆஸ்டின் முனகினான். ரத்தம் சொட்டித் தரையில் பரவியிருந்தது.

"விடு. அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்."

"முடியாது!"

ஜோஷ்வா குனிந்து எழுந்தபோது கையில் பூசணிக்காய் வெட்டுகிற கத்தி. ஒரு முழ நீளம். ஆஸ்டினின் கழுத்தில் வைத்தான்.

"போ! போய்ப் பேசு! இன்னும் பத்து நிமிஷம்! மின்னல்ல ரெண்டே பேர்தான் மிச்சம்!"

"ஜோஷ்வா... வேணாம்டா..."

"போன்னு சொல்றேன்ல! இவன் செத்தா நீதான் காரணம்!"

கத்தி நடுங்கியது. கழுத்தில் மெல்லிய சிவப்புக் கோடு விழுந்தது. இதுவரை எவனோ ஒருவனுக்குப் பயந்தாள். இப்போது தான் தூக்கி வளர்த்த தம்பியையே பார்த்துப் பயந்தாள். அது வேறு மாதிரி பயம்.

ஓர் அடி பின்னால் எடுத்து வைத்தாள்.

"சரிடா... போறேன்... நான் பேசறேன். நீ கத்தியை எடு."

இன்னோர் அடி. கதவை விட்டு விலகினாள்.

விலகிய இடைவெளியில் கரண்டி நுழைந்தது!

ணங்!

மணிக்கட்டில் விழுந்தது முதல் அடி. கத்தி பறந்து அண்டாவுக்குள் உருண்டது. இரண்டாவது அடி முழங்காலில். ஜோஷ்வா அலறிக்கொண்டு சரிந்தான். லோகநாயகி அவன் முதுகின்மேல் சாவகாசமாக உட்கார்ந்தாள்.

"கஸ்மாலம்! அக்காக்காரிக்கே ஆட்டம் காட்றியா? அசைஞ்சே... இட்லிக் குண்டான்ல வச்சி மூடிப்புடுவேன்!"

ஜெரூஷா ஆஸ்டினின் வாயிலிருந்த துணியைப் பிடுங்கினாள்.

"உயிர் இருக்கா சார்?"

"இருக்கு..." என்றான் ஆஸ்டின். கண் செருகியது. "ஆட்டத்தை நிறுத்தச் சொல்லு..."

அரை மணி நேரம் கழித்து.

ஆம்புலன்ஸ் ஆஸ்டினை ஏற்றிக்கொண்டு போனது. பிழைத்துக்கொள்வான் என்றார்கள். ஆட்டம் ரத்து. பைசன்ஸ் நால்வரின் செல்போன்களும் போலீஸ் பையில். மண்டப வாசலில் பாதித் தாம்பரம் கூடியிருந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் தேவானந்தம் ஜோஷ்வாவை ஜீப்பில் ஏற்றினார். ஏறியவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு கதறினான்.

"அக்கா! சார்கிட்ட சொல்லுக்கா! நான் நல்ல பையன்னு சொல்லு! தெரியாம நடந்துடுச்சுன்னு சொல்லு! எனக்காக ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை பேசுக்கா!"

கூட்டம் ஜெரூஷாவைப் பார்த்தது.

தேவானந்தம் தொப்பியைச் சரி செய்துகொண்டார்.

"ஏம்மா... தம்பிக்காக ஏதாவது சொல்றீங்களா?"

ஒன்று... இரண்டு... மூன்று... நான்கு... ஐந்து...

ஜெரூஷா கண்ணைத் துடைத்தாள். நிமிர்ந்தாள்.

"தொண்டை கட்டிடுச்சு சார்!"