இரண்டு கிராம் கூடுதல்

ஓர் இரவு நல்ல தூக்கத்துக்கு நாற்பத்தெட்டு ரூபாய் என்று துறைமுக நிர்வாகம் விலை சொன்னது. ரெஜினாள் பத்தே நிமிடத்தில் அதை இலவசமாக்கினாள். சரக்கு இவ்வளவு சீக்கிரம் விலை இறங்கினால் எந்த ஏலக்காரிக்கும் சந்தேகம் வந்திருக்கும். தாடை வலியில் அவளுக்கு வரவில்லை.

மீன் ஏலக் கூடத்தில் வளர்ந்தவள். மிதவைத் துறைமுகத்தில் பாரந்தூக்கி இயந்திரம் ஓட்டும் தொழிலாளர் சங்கத்துக்காக ஒன்பது ஆண்டுகளாகப் பேரம் பேசுபவள். அவள் 'முடியாது' என்றால் அதிகாரிகள் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோவார்கள். பகலில் விழுங்கிய கோபத்தையெல்லாம் இரவில் பல்லால் அரைப்பாள். இரண்டு கடைவாய்ப் பற்கள் பிளந்துவிட்டன.

அதற்குத்தான் தாடையணை. வாயில் வைத்ததும் இளகி, மேல்பற்களில் படியும் உறை. பழைய உறைகள் பல்லைக் காத்தன. கடிப்பதை நிறுத்தினவா என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே வழக்கு. புதியதோ, கடிக்கத் தோன்றும் நொடியிலேயே நரம்பைத் தொட்டுத் தளர்த்திவிடும்.

"சோதனைக்கு ரெண்டு பெட்டி இருக்கு. ஒண்ணு நெசம், ஒண்ணு வெறும் உறை. எது எதுன்னு எனக்கே தெரியாது," என்றார் துறைமுக மருத்துவர் கோமதிநாயகம். "பேச்சுவார்த்தையிலயும் போட்டுக்கங்க. மூணு வாரம் போதும், பெறகு கழட்டினாலும் பலன் நிக்கும்."

இன்னொரு பெட்டி சங்கத் துணைத்தலைவர் சந்தியாகுவுக்கு. அவரும் பல்லரைப்பவர்தான், கூட்டங்களில் வாய் திறக்காதவர்.

அவரோடு வெளியே வந்ததும் ரெஜினாள் இரண்டு பெட்டிகளையும் மீன் நிறுத்துப் பழகிய உள்ளங்கைகளில் ஏந்திப் பார்த்தாள். சந்தியாகுவுடையது இரண்டு கிராம் கூடுதல். சரக்கு அதில்தான் இருக்கிறது.

"அண்ணே, ஒங்க பெட்டி பச்சை. எனக்குப் பச்சைன்னா உசுரு. மஞ்சள நீங்க வச்சுக்கிடுங்க."

"ஏ பிள்ள, நீ சும்மா மாத்துற ஆளா? என்ன விசயம்?"

"நண்டுக் குழம்பு தாரேன்."

"நண்டு பெருசா இருக்கணும்," என்று கொடுத்துவிட்டார்.

மூன்று வாரம் ரெஜினாள் அடித்துப்போட்டாற்போல் தூங்கினாள். நாலாவது வாரம் பேச்சுவார்த்தை.

பாரந்தூக்கி ஒன்றுக்கு இரண்டு பேர்: ஒருவர் ஓட்ட, மற்றவர் அவர் கண்ணயராமல் பார்த்துக்கொள்ள. தனியே ஏறிய ஒருவன் தூக்கக் கலக்கத்தில் விழுந்து செத்தபின் சங்கம் வாங்கிய உரிமை. மூன்றாம் தூக்கியை ஓட்டுவது ரெஜினாளின் தம்பி கிளமென்ட்.

"இனி ஒரு தூக்கிக்கு ஒரே ஆள். சம்மதமாம்மா?" என்றார் மேலாளர் வரதன்.

'முடியாது' நாக்கு நுனிவரை வந்தது. காதோரம் வெதுவெதுப்பாக ஏதோ தளர்ந்தது. கேட்பதில் நியாயம் இருப்பதுபோல் பட்டது. பக்கத்தில் நறநறவென்று சத்தம், சந்தியாகுவின் பற்கள். மேசைக்கடியில் அவர் கால் அவள் காலை இடித்தது. பாவம், வெறும் உறை, என்று நினைத்துக்கொண்டாள்.

"சரி," என்றாள்.

வரதன் காபியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

"பத்திரத்த அடிச்சிட்டு வாரேன்," என்று அவர் எழுந்துபோனதும் சந்தியாகு அவள் கையைப் பிடித்தார். "ஏட்டி, என்ன செஞ்சிட்ட? கிளமென்டு தனியால்லா ஏறுவான்!"

"ஏறட்டும்ண்ணே, அதுல என்ன?" என்றாள். தன் குரலைக் கேட்டுத் தானே திடுக்கிட்டாள். உறையைப் பிடுங்கி எறிந்தாள். வரதன் பத்திரத்தோடு திரும்பி வந்தார்.

"கையெழுத்துப் போட்டுரலாமாம்மா?"

மறுக்கத்தான் வாயைத் திறந்தாள். வாய் வழுக்கிக்கொண்டு திறந்தது. "போட்டுரலாம் சார்."

சோதனை அறிக்கை மறுவாரம் வந்தது. பச்சைப் பெட்டி: ஓர் இரவில் பல்லரைத்தது முன்பு முப்பத்தொரு முறை, இப்போது சுழியம். மஞ்சள் பெட்டி: முன்பு பன்னிரண்டு, இப்போது நாற்பது. முடிவு: முழு வெற்றி. துறைமுகத்தில் உள்ள அனைவருக்கும் பச்சைப் பெட்டி வாங்க நிர்வாகம் அன்றே உத்தரவிட்டது. இதற்கும் சங்கத்தின் சம்மதக் கையெழுத்து வேண்டுமாம்.

ரெஜினாள் அதையும் போட்டுக்கொடுத்தாள். பிறகு அறிக்கையின் பின்பக்கத்தில், விடுபட்டுப்போன வரிகளைத் தன் கையாலேயே எழுதிச் சேர்த்தாள்:

மூன்றாம் தூக்கி.
முன்பு ஆள் இரண்டு.
இப்போது ஒன்று. கிளமென்ட்.