வயிறு நனைந்து வந்த நாய்

அவன் ஐந்தே முக்காலுக்கு எழுந்தான். பல் துலக்கினான். இரண்டு ரொட்டித் துண்டுகளைச் சுட்டு வெண்ணெய் தடவித் தின்றான். நாயின் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றினான். அத்தையின் மாத்திரையை எடுத்து மேசைமேல் வைத்தான். சட்டையை நீவிவிட்டுப் போட்டுக்கொண்டான். "வர்றேன் அத்தை" என்றான். "சரி மாப்பிள்ளை" என்றாள் அத்தை.

மனைவி இறந்து ஐந்து மாதம். அந்த வீட்டில் காலையில் பேசப்பட்டது அவ்வளவுதான்.

அத்தை, மனைவியின் அம்மா. மகள் போன பிறகு அவளுக்கும் வேறு ஆள் இல்லை, இவனுக்கும் இல்லை. ஒரே வீட்டில் இருந்தார்கள். நடுவில் ஒரு நாய். கறுப்பு, கொழுகொழு, உடம்பெல்லாம் அடர்ந்த சடை. வண்டியிலிருந்து இறக்கிப் போட்டதுபோல் போட்ட இடத்தில் கிடக்கும். அதனால் மனைவி அதற்கு 'மூட்டை' என்று பெயர் வைத்திருந்தாள்.

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள், அதன்மேல் ஒரு காந்தத் துண்டு. மருத்துவமனைக்குக் கிளம்பிய காலையில் மனைவி எழுதி ஒட்டியது. மூட்டைக்கு எப்போது சோறு, எப்போது குளியல், எப்போது நடை. நடை, மதியம் பன்னிரண்டரை. அவள் விரல் கடைசியாகத் தொட்ட தாள் அது. அவன் அதை அசைக்கவில்லை. அந்த வீட்டில் எதையுமே அசைக்கவில்லை. வாசலில் அவளுடைய செருப்புகூட அவள் கழற்றிய கோணத்திலேயே கிடந்தது.

அலுவலகம் பக்கத்துத் தெரு. ஊருக்கடியில் தண்ணீர்க் குழாய்கள் எங்கெங்கே போகின்றன என்று வரைபடம் வரையும் வேலை. தினமும் பன்னிரண்டரைக்கு வீட்டுக்கு வருவான், மூட்டையை அழைத்துக்கொண்டு அரை மணி நேரம் நடப்பான், திரும்பவும் வேலைக்குப் போவான். பனி போனது. வெயில் வந்தது. அவன் கவனிக்கவில்லை.

அன்று தெருவில் ஒரு ஆள் இல்லை. தார் பளபளத்தது. மூட்டை திடீரென்று நின்றது. ஒரு காலைத் தூக்கியது... வைத்தது... இன்னொன்றைத் தூக்கியது...

"சார்! நாயோட போறவரே! உங்களைத்தான்!"

திரும்பினான். பச்சை வலைப் பந்தலுக்குக் கீழே வரிசை வரிசையாகச் செடித் தொட்டிகள். நடுவில் ஒரு பெண், கையில் தண்ணீர்க் குழாயோடு. பெரிய ஓலைத் தொப்பி. மூக்கில் ஒரு சேற்றுக் கோடு. தொப்பியின் நிழலுக்குள் இரண்டு கண்கள்... கோபத்தில் இவ்வளவு ஈரமாகக் கண்கள் இருக்க முடியுமா?

"செருப்பைக் கழட்டுங்க."

"என்னது?"

"கழட்டிட்டு அங்கேயே நில்லுங்க. அஞ்சு எண்ணுங்க."

"எதுக்குங்க?"

"கேள்வியெல்லாம் அப்புறம். முதல்ல கழட்டுங்க."

ஏன் என்று தெரியவில்லை, கழற்றினான். ஒன்று... இரண்டு... மூன்றில் துள்ளிக் குதித்துப் பந்தல் நிழலில் விழுந்தான்.

"'ஆ'ன்னு கத்தத் தெரியுதில்ல? அதுக்குத் தெரியல. அதான் காலை மாத்தி மாத்தித் தூக்குது. வாடா கண்ணா, உள்ள வா."

மூட்டை ஒரே தாவில் நிழலுக்குள் ஓடியது. நாக்கு தரையைத் தொட்டது. அவள் குழாயை ஓரமாகத் திருப்பித் தண்ணீரை வெறுமனே ஓட விட்டாள்.

"இந்தப் பக்கம் ஊத்துங்க" என்றான் அவன் பதற்றமாக.

"வெயில்ல கிடந்த குழாய் சார். முதல்ல வர்றது வெந்நீர்." அவன் கழுத்தில் தொங்கிய அலுவலக அட்டையை ஒரு பார்வை பார்த்தாள். "ஊருக்கே தண்ணி போற வழி வரையறவரா? நாய்க்கு ஒரு கிண்ணம் கையில எடுத்துட்டு வரத் தோணல!"

"ஐஸ் தண்ணி இருக்குங்களா?"

"ஐஸ் வேண்டாம். பச்சைத் தண்ணி போதும். பாதம், வயிறு, தொடைச் சந்து. அங்கதான் அதுக்குச் சூடு இறங்கும்."

விரலால் குழாயின் வாயை அழுத்தினாள். தண்ணீர் பூவாய் விரிந்தது... அந்த உச்சி வெயிலில், ஒரு கையகலத்துக்கு மட்டும், மழை பெய்தது. அதில் இரண்டு துளி அவன் முகத்தில் விழுந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

மூட்டை ஈரச் சாக்கில் வயிற்றை அப்பிக்கொண்டு கண்ணை மூடியது. மூச்சு மெல்ல மெல்ல இறங்கியது.

"உச்சி வெயில்ல நடத்தணும்னு யாரு சொன்னது?"

"வீட்டுல... எழுதி வச்சிருக்கு."

"வீட்டம்மாவா? எந்த மாசத்துல எழுதினாங்களாம்? அவங்களையே ஒரு நாள் செருப்பில்லாம நடந்து பாக்கச் சொல்லுங்க."

"அவ இல்லைங்க."

"ஊர்ல இல்லையா?"

"உயிரோட இல்லை."

குழாய் அவள் கையிலிருந்து நழுவித் தரையில் நெளிந்தது. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவனுக்கு அது தேவைப்படவில்லை. ஐந்து மாதமாக உறைந்து கிடந்த ஒன்று உள்ளே சுருக்கென்றது.

"அவ எழுதினதை யாரும் திருத்த வேண்டாம்."

மூட்டையை அலாக்காகத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று தெருவில் இறங்கினான்.

"சார்... செருப்பு!"

கேட்டது. திரும்பினால் மானம் போய்விடும். வெறுங்காலோடு, தார்ச் சாலையில், முப்பது கிலோ நாயைச் சுமந்துகொண்டு, வீடுவரைக்கும் நடந்தான்.

அத்தை கதவைத் திறந்தாள். அவன் பாதத்தைப் பார்த்தாள். நாயின் பாதத்தைப் பார்த்தாள். இரண்டிலும் கொப்புளம். ஒன்றும் கேட்காமல் நாய் டாக்டருக்குப் போன் போட்டாள். மாலையில் டாக்டர் மூட்டையின் பாதத்தில் மருந்து தடவிக் கட்டுப் போட்டார். "இன்னும் பத்து நிமிஷம் நடந்திருந்தா கால் மட்டும் இல்ல, உயிரே போயிருக்கும். தண்ணி ஊத்தினவங்க யாரோ, புண்ணியம்" என்றார்.

அன்று மாலை அவன் ஃபிரிட்ஜின் முன்னால் நின்றான். எந்த மாதத்தில் எழுதினாள்? தாளை முதல் வரியிலிருந்து படித்தான். ஐந்து மாதமாக அவன் அதைப் படிக்கவில்லை, பார்த்துக்கொண்டுதான் இருந்தான். 'காலையில் பனி. வெளியே வேண்டாம். வெயில் ஏறியதும், பன்னிரண்டரைக்குக் கூட்டிப் போ.' காரணத்தையும் எழுதித்தான் வைத்திருந்தாள். அவன் கண்ணில் பட்டதெல்லாம் பன்னிரண்டரை மட்டும்தான்.

"அப்ப வெயில் காலத்துக்கு எழுதாமலேயே போயிட்டா அத்தை."

அத்தை காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது. "திருப்பிப் பாத்தீங்களா?"

"எதை?"

"தாளைத்தான். அவ ஸ்கூல்ல படிக்கிறப்பவே அப்படித்தான் மாப்பிள்ளை. ஒரு பக்கத்தோட எதையும் நிறுத்த மாட்டா."

காந்தத்தை எடுக்க அவனுக்கு நேரம் பிடித்தது. எடுத்தான். திருப்பினான்.

'வெயில் காலம். காலை ஏழு மணிக்குள் நடந்துவிட்டு வந்துவிடு. சாயங்காலம் தரையில் புறங்கையை வைத்துப் பார். உன்னால் பொறுக்க முடியாவிட்டால் அதற்கும் முடியாது. தண்ணீர்க் கிண்ணம் இரண்டு வேண்டும். வெயில் நகர நகர அதையும் நகர்த்து. பாவம் என்று முடியை மழித்துவிடாதே, அந்த முடிதான் அதற்குக் குடை. சீவி மட்டும் விடு. காரில் ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடாதே. இதைப் படித்ததும் நீ ஒரு டம்ளர் தண்ணீர் குடி. உனக்கு அதெல்லாம் ஞாபகமே இருக்காது.'

குடித்தான். இன்னொரு டம்ளரும் குடித்தான். பிறகுதான் தாகமாக இருந்ததே தெரிந்தது.

மூட்டையின் கால் ஆறப் பத்து நாளாயிற்று. பதினோராம் நாள் காலை ஆறு மணிக்கு, ஒரு கையில் கிண்ணமும் மறு கையில் கயிறுமாகப் பந்தலுக்கு வெளியே போய் நின்றான். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தான். தொப்பி நிமிர்ந்தது. கண்கள் தெரிந்தன. எல்லாம் மறந்துபோயிற்று.

"செருப்பா?" என்றாள். உள்ளே போய் எடுத்துவந்து நீட்டினாள். "ரெண்டு தொட்டிக்கு நடுவுல வச்சுத் தினமும் தண்ணி காட்டினேன். ஒரு இலைகூட விடல."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. வந்தது என்பதே அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"நன்றி சொல்ல வந்தேன். அன்னைக்கு... நீங்க இல்லைன்னா..."

"நானும் மன்னிப்புக் கேக்கணும். அவங்களைப் பத்தி அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"அவளும் நீங்க சொன்னதைத்தான் எழுதி வச்சிருந்தா. பின்பக்கத்துல."

அவள் மூட்டையின் தலையைத் தடவினாள். பிறகு, "நாயை நல்லாத் தெரிஞ்சவங்க" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காகவே அவனுக்கு இன்னொரு நன்றி சொல்லத் தோன்றியது.

அதன் பிறகு தினமும் ஆறு மணி. மூட்டை நேராக உள்ளே போய் ஈரச் சாக்கில் குப்புற விழும். அவள் அதன் வயிற்றை நனைத்துவிடுவாள். அவன் வேலிக் கதவுக்கு வெளியே நிற்பான். அந்த முதல் நாளுக்குப் பிறகு உள்ளே போனதில்லை.

"நாய் உள்ள, நீங்க வெளில. யாரு யாருக்குக் காவல்?"

"அது உங்களுக்குக் காவல்."

"தூங்குதே!"

"வரைபடம் வரையறவன் வளர்க்கற நாய். மெதுவாத்தான் வேலை பாக்கும்."

மூன்று வாரம் ஓடியது. ஒரு நாள் அவள் ஒரு சின்னத் தொட்டியை அவன் கையில் வைத்தாள். "இது நிழல்லயே வளரும். உங்க வீட்டுக்கு." வாங்கும்போது விரல் பட்டது... அவள் ஏற்கெனவே நனைத்த செடியையே திரும்பப் போய் நனைத்தாள்.

அத்தை தொட்டியைப் பார்த்தாள். "வீட்டுக்குப் புதுசா இருக்கே" என்றாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவன் கூடத்தில் தனியாக நின்றான். தப்புச் செய்துவிட்டோம் என்று பட்டது. மகளைப் பறிகொடுத்தவளின் கண்ணெதிரிலேயே... மறுநாள் மூட்டையை வேறு தெரு வழியாக இழுத்துப் போனான். முனையில் அது உட்கார்ந்துகொண்டது. தூக்கிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. அதற்கடுத்த நாளும் அதே கதை.

இரண்டாம் நாள் திரும்பியதும் அத்தை குனிந்து மூட்டையின் வயிற்றைத் தடவினாள்.

"மூணு வாரமா வயிறு நனைஞ்சு வந்துச்சு. ரெண்டு நாளாக் காய்ஞ்சு வருதே. சண்டையா மாப்பிள்ளை?"

"இல்ல அத்தை... அன்னைக்கு நீங்க கதவைச் சாத்திக்கிட்டீங்க..."

"அழுதேன். இல்லைன்னு சொல்லல. அழுது முடிச்சுட்டு வந்து செடிக்குத் தண்ணி ஊத்தினேன். அதை நீங்க பாத்தீங்களா? எதையும் ஒரு பக்கம்தான் பாப்பீங்க!"

மண் ஈரமாகத்தான் இருந்தது.

"எனக்கும் பயம்தான்" என்றாள் அத்தை. குரல் இறங்கியது. "இந்த வீட்டுல நான் யாருன்னு ஒரு பயம். அப்புறம் யோசிச்சேன். நீங்க யாரைக் கட்டினாலும் நான் 'மாப்பிள்ளை'ன்னுதான் கூப்பிடுவேன். அதை மட்டும் மாத்தச் சொல்லக் கூடாது."

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். இத்தனை மாதத்தில் வராத அழுகை அப்போது வந்தது. மூட்டை இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போயிற்று.

மறுநாள் பந்தலை நெருங்கும்போதே மூட்டை கயிற்றை அறுக்காத குறையாக ஓடியது. அவள் நிமிரவில்லை. செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாள்.

"வாடா. ரெண்டு நாளா உன் தண்ணித் தொட்டியை ரொப்பி வச்சேன். காக்கா குளிச்சிட்டுப் போச்சு." நாயிடம்தான் சொன்னாள். "வழி மறந்துபோச்சா? வரைபடமெல்லாம் வரையறாங்களாம்."

அவன் வேலிக் கதவைப் பிடித்துக்கொண்டான்.

"மறக்கல. பயந்துட்டேன்."

அவள் கை நின்றது.

"முதல் நாள் நன்றி சொல்ல வந்தேன். சொல்லிட்டேன். அப்புறமும் வந்தேன். மூட்டைக்காகன்னு நினைச்சேன். ரெண்டு நாள் வராம இருந்து பாத்தேன்... அது மூட்டைக்காக இல்ல."

அவள் நிமிர்ந்தாள். கண்ணில் கேலி இல்லை. அவன் இருப்பதிலேயே கடினமானதைச் சொன்னான்.

"எங்க வாசல்ல அவ செருப்பு கிடக்கு. எடுக்க மாட்டேன். எடுக்கச் சொன்னாலும் என்னால முடியாது. ஆனா... அதுக்குப் பக்கத்துல இடம் இருக்கு. இவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும்."

குழாய் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தொட்டி நிறைந்து வழிந்து, அந்த ஈரம் வேலிக் கதவுக்கு அடியில் ஊர்ந்து வந்தது. வெயில் தெருவைத் தாண்டி அவன் முதுகைத் தொட்டது. யோசிக்கணும் என்பாள்... வீட்டில் கேட்கணும் என்பாள்... சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பாள்... அவன் எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் நின்றான்.

அவள் தொப்பியைக் கழற்றினாள். வேலிக் கதவின் கொக்கியை எடுத்தாள்.

"செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாங்க. இங்க தரை குளுகுளுன்னு இருக்கு."